எடைமேடை ரசீதுகளுக்கு எல்எம்டிபி: சாவியை எப்படி அமைப்பது?

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் ஒரு மாங்காய் மண்டியின் எடைமேடைக்கு ரசீது நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரே கணினி, அதில் லினக்ஸ். சீசன் நேரத்தில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போதுதான் மின்சாரம் போகும். இந்த இடத்தில் தனியாக ஒரு டேட்டாபேஸ் சர்வரை நிறுவிப் பராமரிப்பது வீண் வேலை. நிரலுக்குள்ளேயே இயங்கும் சாவி-மதிப்பு நூலகம் ஒன்று போதும்; ஒரு சாவியின்கீழ் ஒரு தகவலைச் சேமித்து, அதே சாவியைக் கொடுத்துத் திரும்ப எடுக்கலாம்.

என் தேர்வு எல்எம்டிபி. ஓபன்எல்டாப் என்ற அடைவுச் சேவை (டைரக்டரி சர்வர்) திட்டத்தில், பெர்க்லி டிபி என்ற பழைய சேமிப்பு நூலகத்துக்கு மாற்றாக ஹோவர்ட் சூ உருவாக்கியது, 2011இல் வெளிவந்தது. இதே வகை நூலகமான லெவல்டிபியை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. அதை ஒரு நேரத்தில் ஒரு புரோசஸ்தான் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) திறக்க முடியும்; எனக்கோ எடை பதியும் நிரல் ஒன்று, நிலவரம் காட்டும் திரை ஒன்று. எழுதியது உடனே வட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் அதில் நாமே கேட்டு வாங்க வேண்டும். எல்எம்டிபியில் அது இயல்பிலேயே நடக்கும். வேகத்துக்கு ஆசைப்பட்டு அந்த 'சிங்க்' அமைப்பை அணைத்துவிடாதீர்கள்.

முதல் படி: 'பிப்' மூலம் பைத்தானுக்கான எல்எம்டிபியை நிறுவி, ஒரு கோப்புறையைத் திறங்கள். திறக்கும்போதே 'மேப் சைஸ்', அதாவது தரவு வளரக்கூடிய உச்ச அளவு, கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அது 10 எம்பிதான். நிறைந்ததும் எழுத மறுக்கும். 1 ஜிபி கொடுத்தால் லினக்ஸில் அவ்வளவு வட்டும் உடனே போய்விடாது. அது உச்சவரம்பு மட்டுமே.

இரண்டாம் படி: எழுதும் பரிவர்த்தனையை (டிரான்சாக்‌ஷன்) தொடங்கி, சாவியையும் மதிப்பையும் 'புட்' செய்து, முடியுங்கள். சரத்தை யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றித்தான் தர வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், எடைமேடையும் ஒன்றுதானே.

மூன்றாம் படி, சாவி. இங்கே நிதானமாக இருங்கள். எல்எம்டிபி சாவிகளை பைட் வரிசையில் அடுக்கும். ரசீது எண்ணை அப்படியே எழுத்தாகக் கொடுத்தால் 9க்கு முன்னால் 10 வந்து நிற்கும். முன்னால் சுழியம் சேர்த்து 000009, 000010 என்று எழுதுங்கள். அதற்கும் முன்னால் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள்: 20250612-000010. சாவிகளை வரிசையாகப் படித்துச் செல்லும் கர்சரை அன்றைய தேதியில் நிறுத்தி, தேதி மாறும்வரை நகர்த்தினால் அன்றைய வரவு முழுவதும் கிடைத்துவிடும்.

விவசாயியின் பெயரைச் சாவியாக்கினால் வேறொரு வம்பு. அகராதியில் கண்ணன் முன்னால், கணேசன் பின்னால். எல்எம்டிபியில் தலைகீழ், யூனிகோடில் புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது. ழகரத்துக்கு முன்பே ளகரமும் வந்துவிடும். சாவியின் இயல்பான உச்சவரம்பு 511 பைட். தமிழில் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். எனவே விவசாயிக்கு ஓர் எண் கொடுத்து, பெயரை மதிப்பில் வைத்து, அகரவரிசையைத் திரையில் காட்டும்போது பார்த்துக்கொள்வதே மேல். ஊர்வாரியாக, மாங்காய் ரகவாரியாகப் பெங்களூரா எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று விதவிதமாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால், சர்வர் இல்லாமலே எஸ்கியூஎல் கேள்விகளுக்குப் பதில் தரும் எஸ்கியூலைட்டுக்குப் போய்விடுங்கள்.

பிற்சேர்க்கை: பழைய ரசீதுகளை அழித்தும் கோப்பு வளர்ந்துகொண்டே போகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய நிலவரத் திரை காலையில் திறந்த படிப்புப் பரிவர்த்தனையை இரவுவரை மூடவில்லை. அது திறந்திருக்கும்வரை, அதன் பிறகு காலியான பக்கங்களை (கோப்பின் துண்டுகளை) எல்எம்டிபி மறுபடி பயன்படுத்தாது. ஒவ்வொரு முறையும் திறந்து, படித்து, மூடுங்கள். ஏற்கெனவே பெருத்த கோப்பு தானாகச் சுருங்காது. 'காப்பி' கட்டளையில் 'காம்பேக்ட்' தேர்வைக் கொடுத்துப் புதிய கோப்புறைக்கு நகலெடுங்கள். அந்தக் கோப்புறை அதே கணினியின் வட்டில் இருக்கட்டும்; நெட்வொர்க்கில் பகிர்ந்த இடத்தில் வைத்து எல்எம்டிபியைத் திறக்கக் கூடாது.