ஒயின் புட்டியில் உள்ள ஆண்டைப் படிப்பது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கோலாலம்பூர்ப் பேரங்காடி ஒன்றில் ஒரே பெயர் கொண்ட இரண்டு ஒயின் புட்டிகளில் ஒன்றில் 2019 என்றும் மற்றொன்றில் 2020 என்றும் அச்சிட்டிருந்தால், அந்த எண் திராட்சை பறித்த ஆண்டைக் குறிக்கிறது. புட்டியில் அடைத்த ஆண்டையோ கப்பலேறிய ஆண்டையோ அன்று. ஆண்டு முழுதும் ஒரே வெக்கையில் வாழும் நமக்கு, வானிலை ஒரு பானத்தை இத்தனை தூரம் மாற்றுமா என்ற ஐயம் எழலாம். பினாங்கின் பாலிக் புலாவ் டுரியான் தோட்டக்காரர்களைக் கேட்டால் அது தீர்ந்துவிடும்: பூவெடுக்க வறட்சி வேண்டும், பூத்தபின் கனமழை ஆகாது, பழம் விழும் நேரத்தில் மழை கொட்டினால் சுவை நீர்த்துப்போகும். திராட்சைக்கும் கணக்கு இதுதான். எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது பெய்தது என்பதே பெரிது.

படி 1: நாட்டைப் பாருங்கள்

பிரான்சிலும் இத்தாலியிலும் கொடி மார்ச், ஏப்ரலில் துளிர்த்து, பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். நம் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் ஆஸ்திரேலிய ஒயினுக்கோ பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடைக் காலம். ஆகவே, ஆஸ்திரேலியப் புட்டியில் 2020 என்றிருந்தால் அதன் கதை 2019 செப்டம்பர் வாக்கில் கொடி துளிர்த்தபோதே தொடங்கிவிட்டது.

படி 2: துளிர்க்கும் காலத்தில் உறைபனி விழுந்ததா?

சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸை எட்டியதும் மொட்டு விரியத் தொடங்கும். அந்த இளந்துளிர் ஓர் இரவுப் பனியில் கருகிவிடக்கூடும். 2021 ஏப்ரலில் பிரான்சின் பல பகுதிகளை உறைபனி தாக்கியபோது, ஷாப்ளியின் தோட்டங்களில் கொடி வரிசைகளுக்கு இடையே மெழுகு நிரப்பிய தகர வாளிகளைக் கொளுத்தி வைத்து, விடியும்வரை காவல் காத்தார்கள். அப்படியும் விளைச்சல் பெரிதும் குறைந்தது.

படி 3: பூக்கும் காலம்

குளிரும் மழையும் சேர்ந்தால் பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்ந்து, குலையில் பல்விழுந்த இடம்போல் இடைவெளிகள் தோன்றும். 2013இல் பிரான்சின் பொர்தோ வட்டாரத்தில் மெர்லோ வகைத் திராட்சைக் கொடிகளுக்கு இதுவே நேர்ந்தது. இது முதலில் அளவைத்தான் குறைக்கிறது. தரம் கெட்டது என்று இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

படி 4: கோடையை ஆராயுங்கள்

நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை கூடும். லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும். அதே வெப்பம் பழத்துக்குப் புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தை எரித்துவிடுவதால், பகல் சுட்டாலும் இரவு குளிர்ந்தால்தான் புளிப்பு நிற்கும். இரவிலும் தணியாத ஆண்டின் ஒயின் கனமாகவும் மந்தமாகவும் இருக்கக்கூடும். 2003இன் ஐரோப்பிய வெப்ப அலையில் பிரான்சின் புர்கோன் வட்டாரத்தில் ஆகஸ்டிலேயே பறிக்கத் தொடங்கினார்கள். இதற்கு மறுமுனை 1816: முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போக, பிரான்சில் அறுவடை வெகுவாகத் தாமதமானது. நம் அண்டை வீட்டு எரிமலை பிரெஞ்சுக்காரரின் கோப்பை வரை கை நீட்டியிருக்கிறது!

புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2019 இறுதியில் தொடங்கிய ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின்போது, புகையில் இருந்த பீனால் வகைச் சேர்மங்கள் தோல் வழியே பழத்துக்குள் புகுந்து சர்க்கரையோடு பிணைந்தன. பழத்தைத் தின்னும்போது தெரியாத இந்தக் கரிந்த வாடை நொதித்தபின் வெளிப்படும். தோலோடு ஊறும் சிவப்பு ஒயினுக்கே பாதிப்பு அதிகம். ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் 2020 அறுவடையில் பலர் பறிக்காமலே விட்டுவிட்டார்கள்.

படி 5: அறுவடைக்கு முந்தைய மழை

முற்றிய திராட்சை நீரை உறிஞ்சிப் பருத்து, தோல் வெடித்து, அழுகத் தொடங்கும். பிரான்சின் சோத்தெர்ன் பகுதியின் இனிப்பு ஒயினுக்கு அழுகல் பூஞ்சையே ஆதாரம் என்றாலும், அதற்கும் காலை மூடுபனியும் பிற்பகல் வெயிலும் மாறி மாறி வர வேண்டும். அந்த ஒழுங்கை மழை குலைத்த 2012இல், அங்குள்ள ஒயின் தயாரிப்பாளரான ஷாத்தோ திக்கெம் தன் பெயரிலான இனிப்பு ஒயினை வெளியிடவே இல்லை.

படி 6: வட்டாரத்தோடு பொருத்துங்கள்

நாடு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் தரும் ஆண்டு அட்டவணைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. 2011இல் தெற்கு ஆஸ்திரேலியா மழையாலும் பூஞ்சையாலும் தவித்தபோது, மேற்கே மார்கரெட் ரிவரில் வெப்பமும் வறட்சியும் நிலவி நல்ல ஒயின் கிடைத்தது. ஆஸ்திரேலியச் சட்டப்படி, ஆண்டு அச்சிட்ட புட்டியில் 85 விழுக்காடு அந்த ஆண்டின் ஒயினாக இருந்தால் போதும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மலிவான வெள்ளை ஒயினில் அந்த எண், சரக்கு எவ்வளவு புதியது என்பதைத்தான் பெரும்பாலும் உணர்த்தும். ஷாம்பேனில் பெரும்பாலான புட்டிகளுக்கு ஆண்டே கிடையாது. ஒரு மோசமான ஆண்டின் குறை தெரியாமல் இருக்கவே பல ஆண்டுகளின் ஒயினைக் கலக்கிறார்கள் என்பதால், அங்கே எண்ணைத் தேட வேண்டியதில்லை.