பட்டா யார் பெயரில்? ஒழிந்துபோன ஒரு பரோ தொகுதியின் வரலாற்றைத் தேடும் வழி

போன கோடையில் அப்பா இங்கிலாந்தின் சாலிஸ்பரிக்கு, என்னிடம் வந்திருந்தார். செங்கல்பட்டுப் பக்கம் பல வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டரில் ஓல்டு சேரம் என்ற மேடு இருக்கிறது. அங்கே அழைத்துப்போனேன். சுற்றிலும் ஆழமான அகழி, நடுவில் நார்மன் கோட்டையின் இடிபாடு, புல்லில் பழைய பேராலயத்தின் அடித்தள வடிவம். காற்று மட்டும் விடாமல் அடிக்கும். கோட்டைச் சுவரின் முகப்புக் கல்லையெல்லாம் எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே வைத்துக் கட்டிய சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்பும்தான் மிச்சம்.

"இந்த மேட்டுக்கு 1832 வரை லண்டன் நாடாளுமன்றத்தில் இரண்டு எம்.பி. இருந்தாங்கப்பா" என்றேன். அப்பா சுற்றிலும் பார்த்தார். "வீடே இல்லையேம்மா, ஓட்டு யார் போட்டது?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பட்டா யார் பேர்ல இருந்துச்சு?" என்று கேட்டார்.

அதற்கு முன்னால் ஒரு வருடமாக இந்தத் தொகுதியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எம்.பி.க்களின் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, ஒவ்வொருவருடைய வாழ்க்கை வரலாற்றையும் தேடி, எதுவும் ஒன்றோடொன்று சேராமல் நின்றிருந்தேன். அப்பாவின் கேள்விக்குப் பிறகுதான் நூல் பிடிபட்டது. நாடாளுமன்றத்துக்கு எம்.பி. அனுப்பும் உரிமை பெற்ற ஊரைத்தான் பரோ என்பார்கள். நீங்கள் எந்தப் பழைய இங்கிலாந்துப் பரோவை எடுத்தாலும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். எம்.பி. யார் என்பது கடைசியில் வரட்டும். ஓட்டு எதோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அது யார் கையில் இருந்தது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை உண்டு. எந்த ஊர், தொகுதி எப்போது பிறந்தது, எப்போது ஒழிந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் நான் இரண்டு வார இறுதிகளை இழந்தேன். பழைய ஆவணங்களில் வெறுமனே 'சேரம்' என்று எழுதியிருப்பார்கள். அது மேட்டின் மேல் இருந்த ஓல்டு சேரமாகவும் இருக்கலாம், இன்றைய சாலிஸ்பரியான நியூ சேரமாகவும் இருக்கலாம். 1220ல் பேராலயத்தை மேட்டிலிருந்து கீழே ஆற்றோரச் சமவெளிக்கு மாற்றினார்கள். மேலே தண்ணீர்ப் பஞ்சம், காற்று, கோட்டைக் காவலர்களோடு ஓயாத தகராறு. மக்களும் கீழே இறங்கினார்கள், புது ஊர் வளர்ந்தது, அதற்கும் இரண்டு எம்.பி. கிடைத்தது. காலியான மேட்டுக்கு இருந்த இரண்டையும் யாரும் எடுக்கவில்லை. ஒருவரே வெவ்வேறு சமயம் இரண்டு ஊருக்கும் எம்.பி.யாக இருந்ததும் உண்டு. ஆகவே குறிப்பு எடுக்கும்போதே எந்தச் சேரம் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

தொகுதி ஒழிந்த வருடத்திலேயே பெரும்பாலும் காரணமும் தெரிந்துவிடும். 1832 என்றால் நாடாளுமன்றத் தொகுதிகளை மாற்றியமைத்த சீர்திருத்தச் சட்டம். அதன் 'ஏ' பட்டியலில் இருந்த 56 பரோக்கள் தங்கள் இடங்களை முழுதாக இழந்தன, 'பி' பட்டியலில் இருந்த 30 பரோக்கள் ஒன்றை இழந்தன. 'ஏ' பட்டியலின் முதல் பெயர் ஓல்டு சேரம். 1844ல் சட்பரியும் 1852ல் செயின்ட் ஆல்பன்ஸும் ஒழிந்தது லஞ்சத்துக்காக. 1885 என்றால் ஜனத்தொகை பார்த்துப் பிரித்த மறுசீரமைப்பு. 15,000 பேருக்குக் குறைவான பரோக்கள் சுற்றியிருந்த பகுதியோடு சேர்க்கப்பட்டன. அப்புறம் ஊரின் பெயர் வேறொரு பெரிய தொகுதிக்குத் தொடர்ந்திருக்கலாம். பெயர் ஒன்று என்பதால் தொகுதியும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

இப்போது ஓட்டுரிமை. 1832க்கு முன்னால் ஒவ்வொரு பரோவுக்கும் ஒரு வழக்கம். சில ஊரில் நகரக் கழக உறுப்பினர்கள் மட்டும். சில ஊரில் ஊரின் 'ஃப்ரீமேன்' என்று பதிவானவர்கள், அவர்கள் ஐம்பது மைல் தள்ளி வாழ்ந்தாலும் சரி. சில ஊரில் உள்ளூர் வரி கட்டும் வீட்டுக்காரர்கள். சில ஊரில் தன் அடுப்பில் தன் உலையைக் கொதிக்கவைக்கும் ஒவ்வொரு குடும்பத் தலைவரும். தனிக்குடித்தனம் என்பதற்கு அதுவே அத்தாட்சி. கடைசி வகை பர்கேஜ். பரோவுக்குள் குறிப்பிட்ட சில மனைகள் இருக்கும். மனை யாரிடமோ ஓட்டும் அவரிடம். அதில் வீடு இருக்க வேண்டும் என்றோ அவர் அங்கே குடியிருக்க வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை.

ஓல்டு சேரம் பர்கேஜ் பரோ. மனைகள் உழவு நிலமாகிவிட்டன, உரிமை மட்டும் மண்ணில் தங்கியது. 1831ல் ஓட்டாளர்கள் 11 பேர், ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை. இந்த மாதிரி பரோக்களில் எல்லா மனையையும் வைத்திருப்பவர் தேர்தல் சமயம் நம்பிக்கையான ஆட்கள் பெயருக்கு மாற்றி எழுதுவார், முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா "பினாமி" என்றார். அதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஓட்டுரிமையின் வகை தெரிந்தால் அந்த ஊரில் எந்த மாதிரி ஊழலைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பக்கத்து டோர்செட் மாவட்டத்தில் ஷாஃப்ட்ஸ்பரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓட்டு வரி கட்டும் வீட்டுக்காரர்களிடம் இருந்தது. அதனால் மனிதர்களைத்தான் வாங்க வேண்டும். 1774 தேர்தலில் பொம்மலாட்டத்தில் வரும் பஞ்ச் என்ற கோமாளியின் வேடம் போட்ட ஒருவர், ஓட்டுக்கு 20 கினி (அன்றைய தங்கக் காசு) வீதம் கதவுத் துளை வழியாகக் கொடுத்தது விசாரணையில் வெளிவந்தது. அந்த வேட்பாளர்களில் ஒருவரான தாமஸ் ரம்போல்டு 1778ல் மதராஸ் கவர்னராக வந்தார். ஓல்டு சேரத்தில் இந்த மாதிரிக் கதை எதுவும் கிடைக்காது. அங்கே மண்ணை வாங்கினாலே போதும்.

ஓட்டுரிமையைக் கண்டுபிடிக்கச் சுலபமான இடம் 'ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்' ஆய்வுத் திட்டத்தின் இணையதளம். இலவசம். காலகட்டம் வாரியாக ஒவ்வொரு தொகுதிக்கும் கட்டுரை உண்டு. தலைப்புக்குக் கீழேயே ஓட்டுரிமை யாருக்கு, எத்தனை பேர் என்று கொடுத்திருப்பார்கள். அந்த இரண்டு வரியை எழுதிக்கொண்ட பிறகே தேர்தல் பட்டியலுக்குப் போங்கள். நிலத்தின் கதைக்கு 'விக்டோரியா கவுன்டி ஹிஸ்டரி' என்ற மாவட்ட வரலாற்றுப் புத்தக வரிசை. சாலிஸ்பரி இருக்கும் வில்ட்ஷயர் மாவட்டத்துக்கான ஆறாவது புத்தகத்தில் ஓல்டு சேரம் இருக்கிறது. 'பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன்' தளத்தில் படிக்கலாம்.

சரி, பட்டா யார் பெயரில் இருந்தது? 17ஆம் நூற்றாண்டில் சாலிஸ்பரி பிரபு பட்டம் கொண்ட சிசில் குடும்பத்திடம். 1691ல் அவர்களிடமிருந்து தாமஸ் பிட் வாங்கினார். நம் ஊர் வரலாற்றில் வரும் அதே பிட்தான். 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பிட் என்றாலே வைரம். ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 பகோடாவுக்கு (அன்றைய மதராஸின் தங்க நாணயம்) வாங்கிய 410 காரட் கல். அதை 1702ல் மகன் ராபர்ட் மூலமாக இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1717ல் பிரான்சில் சிறுவனான அரசருக்காக ஆட்சி நடத்திய ரீஜென்ட் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வைரப் பணத்தில் பிட் ஒரு தொகுதியையே வாங்கினார் என்று கதை சொல்ல யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் வருடங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: மேட்டை வாங்கியது 1691, கவர்னரானது 1698, கல் கைக்கு வந்தது அதற்கும் பிறகு. மேட்டை வாங்கிய பணம், கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையை மீறி அவர் இந்தியாவில் செய்த சொந்த வியாபாரத்திலிருந்து வந்தது. கம்பெனி எதிரியாகப் பார்த்த மனிதரையே பிற்பாடு கம்பெனி கவர்னராக்கியது. ஒவ்வொரு பரோவுக்கும் இப்படி ஒரு கவர்ச்சியான கதை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நம்புவதற்கு முன்னால் நாலு வருடங்களைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள், போதும்.

பிட்டின் கவர்னர் காலத்துக்குச் சென்னையிலேயே மூலம் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகள் உள்ளன, பல அச்சாகியும் இருக்கின்றன. 1702ல் முகலாயரின் கர்நாடக நவாப் தாவூத் கான் கோட்டையை முற்றுகையிட்டது, 1707ன் வலங்கை, இடங்கைச் சாதிகளின் சண்டை, எல்லாம் அந்தக் காலத்தில்தான். 1708ல் தாவூத் கான் ஐந்து கிராமங்களைக் கொடுத்தார்: திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். நுங்கம்பாக்கம் அம்மாவின் பிறந்த வீடு. நான் பிறந்ததும் அங்கேதான். அந்தப் பெயரைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆளில்லாத ஒரு மேட்டை வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்குப் போன அதே கை, என் ஊரையும் வாங்கி வைத்திருக்கிறது.

நிலத்தின் வரிசை கிடைத்துவிட்டால் எம்.பி. பட்டியல் தானாகப் பேசும். அதில் இடைத்தேர்தல்களைக் கவனியுங்கள், ஏன் வந்தது என்று காரணம் போட்டிருப்பார்கள். இறந்தாரா, அமைச்சரானாரா (1926 வரை அமைச்சர் பதவி ஏற்றால் மறுபடி நிற்க வேண்டியிருக்கலாம்), இரண்டு இடத்தில் ஜெயித்து ஒன்றை விட்டாரா? 1734ல் கவர்னரின் பேரன் தாமஸ் பிட், ஓல்டு சேரத்திலும் ஓக்ஹாம்ப்டனிலும் ஜெயித்தார். ஓக்ஹாம்ப்டனை வைத்துக்கொண்டு மேட்டைத் தம்பிக்கு விட்டார். 1735 பிப்ரவரியில் அப்படிச் சபைக்குள் நுழைந்த தம்பிதான் வில்லியம் பிட், பிற்காலத்துப் பிரதமர். அவரே 1766ல் சபையில் இந்தச் சின்னப் பரோக்களை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்றார். தானாக உதிராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அது உதிர இன்னும் 66 வருடம் ஆனது.

அந்த 1735 பிப்ரவரியிலேயே ஒரு பொறி இருக்கிறது. 1752க்கு முன்னால் இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25ல்தான் பிறக்கும். அன்றைய காகிதத்தில் அது 1734 பிப்ரவரி. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எந்தத் தேதியைப் பார்த்தாலும் 1734/5 என்று இரண்டு வருடமாகவே குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இடைத்தேர்தல் பொதுத்தேர்தலுக்கு முன்னால் வந்து நிற்கும்.

பட்டியலில் பொருந்தாத ஒரு பெயரும் கண்ணில் படும். அங்கே நின்று தேடுங்கள். 1801ல் ஓல்டு சேரத்துக்கு ஜான் ஹார்ன் டூக் வந்தார். தீவிர சீர்திருத்தவாதி, பாதிரியாராகப் பட்டம் பெற்றவர். நிலத்தை வைத்திருந்த பிட் வாரிசான கேம்ல்ஃபோர்டு பிரபு அவரை அனுப்பினார். அவரை வெளியேற்ற முடியாமல், பாதிரியார்கள் இனிமேல் காமன்ஸ் சபைக்கு வரக்கூடாது என்று அதே வருடம் சட்டமே போட்டார்கள். ஆளில்லாத வயல்வெளியிலிருந்து வந்த ஒரு தேர்தலால் பிறந்த அந்தத் தடை 2001 வரை நீடித்தது.

1802ல் பட்டா கை மாறியது. காலிடன் பிரபு சுமார் 60,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். வயலுக்கு யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார்கள், இரண்டு நாற்காலிக்குக் கொடுத்த விலை அது. அவருடைய அப்பாவின் செல்வமும் இந்தியாவில் சேர்த்ததுதான். 1832ல் கடைசியாக உட்கார்ந்திருந்த இருவரும் அந்தக் குடும்பத்தார்: ஜேம்ஸ் அலெக்சாண்டர், ஜோசயாஸ் டூப்ரே அலெக்சாண்டர். டூப்ரே என்ற பெயரைப் பார்த்ததும் கை நின்றது. 1770 முதல் 1773 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர் ஜோசயாஸ் டூப்ரே. அவர் மணந்தது இந்த அலெக்சாண்டர் வீட்டுப் பெண்ணை. நிலத்தைப் பிடித்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் இந்தப் பெயர் எனக்கு வெறும் பெயராகவே போயிருக்கும். 1832ல் காலிடன் பிரபுவுக்கு நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை.

கடைசியாக, முடிந்தால் ஊரை நேரில் போய்ப் பாருங்கள். லண்டன் வாட்டர்லூவிலிருந்து சாலிஸ்பரிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம். மேட்டின் மேலே எல்லாரும் போவார்கள். நீங்கள் மேற்கே கீழிறங்கி ஸ்ட்ராட்ஃபோர்டு கிராமத்துப் பக்கம் நடந்து போங்கள். அங்கே ஒரு வயலில்தான் தேர்தல் நடக்கும், ஓர் எல்ம் மரத்தடியில். நாடாளுமன்ற மரம் என்றே அதற்குப் பெயர். மரம் இப்போது இல்லை, அடையாளத்துக்கு ஒரு கல் இருக்கிறது. கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தில் தாமஸ் பிட் பெயரும் 1711 என்ற வருடமும் வெட்டியிருக்கும், மதராஸிலிருந்து திரும்பி வந்து அவர் கட்டிக்கொடுத்தது.

அப்பா அந்தக் கோபுரத்தின் கீழே நின்று பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைப் பழக்கப்படி கட்டம் போட்டு, உரிமையாளர் பெயர், எப்போது முதல், எப்போது வரை, எந்த வகையில் வந்தது என்று நான்கு பத்தி எழுதினார். சிசில், பிட், காலிடன். மூன்றே வரி. அந்தப் பக்கத்தை இப்போதும் என் மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். புது ஊர் எதைத் தொடங்கினாலும் அதே நான்கு பத்தியை முதலில் போட்டுவிடுகிறேன்.