உயிரியல் பட்டத்துக்குப் பின்: ஒரு குறிப்பேட்டிலிருந்து தொடங்கும் வழி

மலையகத்தில் உயிரியல் பட்டம் பெற்று வீடு திரும்பியவரிடம், "டீச்சர் வேலை எப்போது கிடைக்கும்?" என்றே எல்லோரும் கேட்பார்கள். ஆசிரியப்பணி நல்லதுதான். எனினும் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், விவசாயத் திணைக்களம், தாவரத் துண்டுகளிலிருந்து கன்றுகளை உருவாக்கும் இழைய வளர்ப்பு ஆய்வுகூடங்கள், உணவுத் தரப் பரிசோதனை ஆகியவையும் உயிரியல் படித்தவர்களுக்கு உரிய களங்களே. நியமனத்துக்குக் காத்திருக்கும் மாதங்களைப் பின்வருமாறு பயன்படுத்தலாம்.

முதலில், பட்டப்படிப்பில் உங்கள் கைகளாலேயே செய்த செய்முறைகளை ஒரே தாளில் எழுதுங்கள். "நுணுக்குக்காட்டி தெரியும்" என்பதைவிட, "கிராம் சாயமிட்டு பற்றீரியாக்களை வேறுபடுத்தியுள்ளேன்" என்பதே நேர்முகப் பரீட்சையில் எடுபடும்.

இரண்டாவது படிக்குத்தான் அதிக நேரம் தேவைப்படும். தோட்ட நிருவாகத்திடம் அனுமதி பெற்று, ஒரு தேயிலை மலையில் கொப்புள நோயை வாரந்தோறும் கணக்கிடுங்கள். இந்நோயை உண்டாக்கும் பங்கசு இளந்தளிர்களையே தாக்கும். முதலில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தோன்றும், பின்னர் இலையின் மேற்புறம் குழிந்து, கீழ்ப்புறத்தில் வெண்மையான வெல்வெட் போன்ற கொப்புளம் எழும். மலையின் குறுக்கே நடந்தபடி 100 கொழுந்துகளைப் பார்த்து, நோயுற்றவற்றை எண்ணுங்கள். கொழுந்து பறிப்பதற்கு முந்திய நாளிலேயே எண்ண வேண்டும். பறித்த மறுநாள் போனால் நோயுற்ற தளிர்களும் தொழிற்சாலைக்குப் போயிருக்கும், எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து தெரியும். திகதி, மழை, மூடுபனி, நிழல் மரங்கள் ஆகியவற்றையும் ஒரு குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள். நமது ஊர் மழையில் பேனா மை நிற்காது.

மூன்றாவதாக, அந்த எண்களை எக்செல்லில் பதிந்து, ஆர் (R) என்னும் இலவசப் புள்ளிவிபர மென்பொருளில் வரைபடமாக்கப் பழகுங்கள். பட்டதாரிகள் பலர் தயங்குவது புள்ளிவிபரவியலில்தான் என்பதால், சிறிதளவு தேர்ச்சியும் உங்களைத் தனித்துக் காட்டும்.

நான்காவதாக, ஆய்வுகூடப் பயிலுனராகச் சேர முயலுங்கள். நுண்ணுயிர்களையோ இழையங்களையோ வளர்க்கும் வளர்ப்பூடகத்தை அழுத்த நீராவியில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் கிருமியழிப்பது ஏட்டில் ஒரு வரிதான். வளர்ப்புக் கலத்தின் மூடி திறந்த கணத்தில் பங்கசு புகாமல் வேலை செய்வது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும். வைத்தியசாலை ஆய்வுகூடப் பதவிக்கு உயிரியல் பட்டம் மட்டும் போதாது, தனிப் பயிற்சியும் இலங்கை மருத்துவ சபையின் பதிவும் வேண்டும் என்பதை முன்பே அறிந்திருங்கள்.

விண்ணப்பத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தெளிவாக எழுதி, வரைபடத்தை ஒரு பக்கமாக இணையுங்கள். நேர்முகப் பரீட்சைக்குக் குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள், அட்டையில் சேறு படிந்திருந்தாலும் பரவாயில்லை.