பழைய சொகுசு காரின் சாவி: புதிது வாங்காமல் தீர்ந்த கதை

1,80,000 கி.மீ. ஓடிய 2010 மாடல் ஜெர்மன் காரை இரண்டாம் கையாக வாங்கினேன். சாவியை டேஷ்போர்டில் உள்ள துளையில் செருகி பட்டனை அழுத்தினால் இன்ஜின் உடனே இயங்கியது. ஆனால் ரிமோட்டில் கதவு திறக்கவில்லை. முந்தைய உரிமையாளர் பீரோவில் வைத்திருந்த மாற்றுச் சாவியும் அப்படியே.

ரிமோட் சிக்னலைப் பெறும், காரின் பின்பக்கக் கண்ணாடியில் உள்ள ஏரியல் பழுது என்றார் மெக்கானிக். அதை மாற்றியும் பயனில்லை. புதிய சாவிக்கு ஷோரூமில் சொன்ன விலை மலைக்க வைத்தது.

இன்ஜினை இயங்க அனுமதிக்கும், சாவியில் உள்ள சிப்புக்கு பேட்டரி தேவையில்லை, ரிமோட்டுக்கு மட்டுமே தேவை என்பது பின்னர்தான் விளங்கியது. ஒட்டி மூடிய அந்தச் சாவிக்குள் இருப்பது விஎல்2020 என்ற, மீண்டும் சார்ஜ் ஆகும் 3 வோல்ட் செல். சாவி துளையில் இருக்கும்போதுதான் அது சார்ஜ் ஆகும். பீரோவில் கிடந்த சாவி செயலிழந்ததற்கும் அதுவே காரணம். கடைகளில் எளிதில் கிடைக்கும் சிஆர்2032 செல் இதைவிடத் தடிமனானது, சார்ஜ் செய்யக் கூடாதது; அதைப் பொருத்தவே கூடாது.

கைப்பேசி பழுதுபார்ப்பவர் ஒருவர் மூடியின் விளிம்பைப் பிளேடால் மெல்லக் கீறித் திறந்து, துருவங்களைச் சரிபார்த்து, புதிய செல்லைப் பற்றவைத்தார். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டியபின் ரிமோட் வேலை செய்தது, பெரும் நிம்மதி. இப்போது இரு சாவிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன்.