வீட்டு பக்கத்து ஏரியை பாத்துக்க ஆரம்பிக்கிறது எப்படி? முதல் தடவை இறங்குறவங்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சுற்றுச்சூழலுக்கு ஏதாவது பண்ணணும்னு ஆசை இருக்கு, எங்க ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலன்னு சொல்றவங்க நிறைய பேர். அவங்க எல்லாருக்கும் நான் சொல்றது ஒண்ணுதான், உங்க வீட்டுக்கு பக்கத்துல இருக்குற ஒரு ஏரியையோ குளத்தையோ கண்மாயையோ பிடிச்சுக்கோங்க, ஒண்ணே ஒண்ணு போதும். தமிழ்நாட்டுல 39 ஆயிரத்துக்கும் மேல ஏரி, கண்மாய் இருக்கு, அதனால உங்களுக்குன்னு ஒண்ணு கிடைக்காம போகாது. குப்பை, சாக்கடை, நிலத்தடி நீர், பறவை, வெள்ளம்னு நாம தனித்தனியா பேசுற விஷயம் எல்லாம் வந்து சேர்ற இடம் அதுதான். 2015 டிசம்பர்ல சென்னை மூழ்குனதும், 2019 கோடையில அதே சென்னை தண்ணி லாரிக்கு பின்னாடி குடத்தோட ஓடுனதும் ஞாபகம் இருக்கும், பெய்யுற மழையை வாங்கி வைக்க இடம் குறைஞ்சுட்டே போனா இந்த ரெண்டுமே மாத்தி மாத்தி நடக்கும்.

ஏரின்னதும் எல்லாரும் உடனே கிளவுஸ் போட்டுக்கிட்டு குப்பை பொறுக்க கிளம்பிடுறாங்க. அது நல்ல காரியம்தான், ஆனா நான் அதை ஆறாவது ஸ்டெப்பாத்தான் வச்சிருக்கேன். தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுது, யாரு பொறுப்புன்னு தெரியாம பொறுக்குனா அடுத்த மழைக்கு அதே குப்பை அதே இடத்துல வந்து நிக்கும்.

ஸ்டெப் 1: எந்த ஏரின்னு முடிவு பண்ணுங்க

கூகுள் மேப்ஸ்ல சாட்டிலைட் வியூ போட்டு உங்க வீட்டை சுத்தி ரெண்டு மூணு கிலோமீட்டர் பாருங்க. பெரிய, பேர் போன ஏரி வேணும்னு இல்ல, நடந்தோ சைக்கிள்லயோ போயிட்டு வர்ற தூரத்துல இருந்தா போதும், ஏன்னா தூரமா இருந்தா ரெண்டாவது மாசமே போறது நின்னுடும். கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் போட்டீங்கன்னா பழைய வருஷத்து படங்களையும் பாக்கலாம். இருபது வருஷம் முன்னாடி தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு, இப்போ எதுவரைக்கும் பிளாட் வந்திருக்குன்னு ஒரு தடவை பாத்தா போதும், அப்புறம் யாரும் உங்களுக்கு எடுத்து சொல்ல வேண்டியதில்ல.

ஸ்டெப் 2: ஒரு சுத்து நடந்து ஏரியை படிங்க

இதுதான் ரொம்ப முக்கியம், அவசரப்படாதீங்க. நம்ம ஊர் ஏரிங்க பெரும்பாலும் தானா உண்டான பள்ளம் இல்ல, சரிவான நிலத்துல ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி கரை போட்டு தண்ணியை நிறுத்துனது. கரை இருக்குறது தாழ்வான பக்கம், கரையே இல்லாம திறந்து கிடக்குறது தண்ணி வர்ற பக்கம். அந்த திறந்த பக்கத்தைத்தான் காலி நிலம்னு நெனச்சு வளைச்சு போடுறாங்க, கோடையில பாத்தா அது ஏரியோட பாகம்னே தெரியாது.

கரை மேல நடந்துட்டே வந்தா மதகு வரும், வயலுக்கு தண்ணி திறந்து விடுற இடம். இப்போ கீழ வயலே இல்லாம வீடா ஆயிருந்தாலும் மதகு அங்கதான் இருக்கும், பல இடத்துல துருப்பிடிச்சு திருக முடியாம நிக்கும். கரையோட ஒரு கடைசியில கலங்கல் இருக்கும், ஏரி நிரம்புனா தண்ணி வழிஞ்சு போற கல்லு கட்டு. பழைய கலங்கல்ல வரிசையா செங்குத்தா நட்ட கல்லுங்களை பாக்கலாம், மழை முடியுற நேரத்துல அந்த கல்லுங்களுக்கு நடுவுல பலகையும் மண்ணும் வச்சு அடைச்சு இன்னும் கொஞ்சம் தண்ணியை பிடிச்சு வைப்பாங்க. அந்த கட்டு முழுசா இருக்கா, யாராவது உடைச்சு விட்டிருக்காங்களான்னு கிட்ட போய் பாருங்க. ஏரிக்குள்ள வீடு வந்துட்டா, அது முங்காம இருக்க கலங்கலை உடைச்சு மட்டத்தை குறைக்கிறது நிறைய ஊர்ல நடக்குது. கல்லு இடுக்குல அரசங்கன்னு முளைச்சிருந்தா அதையும் குறிச்சு வைங்க, அது வேர் விட்டா கட்டு பொளந்துடும்.

கலங்கல்ல வழியுற தண்ணி அடுத்த ஏரிக்கு போகும், அங்க நிரம்புனா அதுக்கு அடுத்ததுக்கு, இப்படி சங்கிலியா கட்டி வச்சிருக்காங்க. அதனால உங்க ஏரிக்கு மேல இருக்குறது எது, கீழ இருக்குறது எதுன்னு தெரிஞ்சுக்கோங்க. நல்ல மழை பெஞ்சு விட்ட மறுநாள் காலையில வரத்து கால்வாய் வழியா எதிர்த்திசையில நடந்து பாருங்க, எங்க அடைச்சிருக்கு, எந்த இடத்துல சாக்கடை கலக்குது, எந்த சிறுபாலம் மண்ணு மூடி கிடக்குதுன்னு எல்லாம் அன்னைக்கு தெரியுற மாதிரி வேற எந்த நாளும் தெரியாது. கால்வாய்க்குள்ள மட்டும் இறங்காதீங்க.

நாலஞ்சு இடம் முடிவு பண்ணி, மாசம் ஒரு தடவை அதே இடத்துல நின்னு அதே பக்கம் பாத்து போட்டோ எடுத்துட்டு வாங்க. தேதியோட இருக்குற இந்த போட்டோங்கதான் பின்னாடி மனு எழுதும்போது உங்க பலம். அந்த கரையில ஆடு மேய்க்கிறவங்க, வலை போடுறவங்க, மதகு பாத்துக்கிட்ட நீர்க்கட்டியா இருந்த பெரியவங்க யாராவது இருந்தா கூட உக்காந்து பேசுங்க, எந்த வருஷம் கரை உடைச்சுக்கிச்சு, எந்த பக்கம் ஊத்து இருக்கு, கடைசியா எப்போ ஏரி நிரம்பி மறுகால் போச்சுன்னு அவங்களுக்கு அத்துப்படி.

ஸ்டெப் 3: யாரு பொறுப்புன்னு கண்டுபிடிங்க

பொதுவா 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அதுக்கு மேல ஆயக்கட்டு, அதாவது ஏரி தண்ணி பாயுற வயல், இருக்குற ஏரி நீர்வளத்துறை கையில, அதுக்கு கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். நகரத்துக்குள்ள மாநகராட்சி, நகராட்சி, கோயில் குளம்னா அறநிலையத்துறை, சில இடத்துல வனத்துறை. தப்பான ஆபீஸ்ல மனு குடுத்துட்டு மாசக்கணக்கா காத்திருக்குறவங்க நிறைய பேர், அதனால இதை முன்னாடியே பாத்துடுங்க. சர்வே நம்பர் தெரிஞ்சா தமிழ்நாடு அரசோட நில ஆவண இ-சேவை தளத்துலயே அ-பதிவேடு, அதாவது கிராமத்து நிலம் எல்லாத்தோட கணக்கு, விவரம் பாக்கலாம், ஏரி புறம்போக்கா, எவ்வளவு பரப்புன்னு அதுல இருக்கும். தெரியலன்னா கிராம நிர்வாக அலுவலரை கேளுங்க. ஆக்கிரமிப்பு இருந்தா அதுக்குன்னே 2007-ல வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கு, நீர்வளத்துறை கையில இருக்குற ஏரிங்களுக்கு அது பொருந்தும், மனுவுல அந்த பேரை எழுதுங்க.

ஸ்டெப் 4: பறவையை எண்ண ஆரம்பிங்க

இது சும்மா பொழுதுபோக்குன்னு நெனச்சுடாதீங்க. ஏரி எப்படி இருக்குன்னு லேப் டெஸ்ட் இல்லாம ஓரளவுக்கு சொல்றது பறவைங்கதான். முக்குளிப்பானும் நீர்க்காகமும் முங்கி முங்கி எழுந்தா மீன் இருக்குன்னு அர்த்தம், நத்தை குத்தி நாரை நின்னா நத்தை இருக்கு, உள்ளான் ஓடுனா சேறு பதமா ஆழம் கம்மியா இருக்கு.

ஈபேர்ட் ஆப் இலவசம், அதுல ஒரு கணக்கு திறந்து, காலைல ஆறரைக்கு போய் ஒரே இடத்துல பதினைஞ்சு நிமிஷம் நின்னு, கண்ணுல பட்டது காதுல கேட்டது எல்லாத்தையும் எத்தனைன்னு எழுதி போடுங்க. பேர் தெரியலன்னா மெர்லின் ஆப் உதவி பண்ணும். காக்காவையும் மைனாவையும் விட்டுடாதீங்க, முழு லிஸ்ட்டா இருந்தாத்தான் அந்த தகவலுக்கு மதிப்பு. இப்படி சாதாரண ஆளுங்க போட்ட லிஸ்ட்டை எல்லாம் சேத்துத்தான் 2023-ல இந்திய பறவைகளின் நிலை அறிக்கையே தயார் பண்ணாங்க. ஜனவரியில பொங்கல் லீவுல தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், புதுசா வர்றவங்களுக்கு அதை விட நல்ல ஆரம்பம் கிடையாது, வடக்குலருந்து வர்ற ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து எல்லாம் அப்போ இருக்கும், ஏரியிலயும் தண்ணி இருக்கும்.

நம்ம ஊர்ல இதுக்கு பழைய வேரு இருக்கு. வேடந்தாங்கல் ஜனங்க ஏரியில தங்குற பறவைங்களை தலைமுறை தலைமுறையா பாதுகாத்தாங்க, எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்கு தெரியும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில இன்னைக்கும் தீபாவளிக்கு பட்டாசு வெடிக்கிறதில்ல, வேட்டங்குடி கண்மாய்ல கூடு கட்டியிருக்குற பறவைங்களுக்காக. எந்த அறிக்கையும் படிச்சுட்டு அவங்க இதை ஆரம்பிக்கல.

ஸ்டெப் 5: உங்க வீட்டுலருந்து ஏரிக்கு போறதை நிறுத்துங்க

உங்க வீட்டு கழிவுநீர் எங்க போகுதுன்னு கேட்டு தெரிஞ்சுக்கோங்க. மழைநீர் வடிகால்ல பைப்பை சொருகி வச்சிருந்தா அது நேரா ஏரிக்குத்தான் போகும், அபார்ட்மெண்ட்னா மீட்டிங்ல இதை பேசுங்க, கொஞ்சம் மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்ல. செப்டிக் டேங்க் லாரி கூப்பிட்டா எங்க கொண்டு போய் கொட்டுறாங்கன்னு கேளுங்க.

காய்கறி கழிவை வீட்டுலயே உரமாக்குங்க. பழைய பெயிண்ட் பக்கெட்ல அடியிலயும் பக்கவாட்டுலயும் ஓட்டை போட்டு, அடியில காஞ்ச இலையோ தேங்கா நார் கழிவோ ஒரு அடுக்கு, மேல காய்கறி தோல், டீத்தூள், திரும்ப காஞ்ச இலைன்னு மாத்தி மாத்தி போட்டுட்டு வாங்க. கொஞ்சம் புளிச்ச மோர் தெளிச்சா சீக்கிரம் மக்கும். நாத்தம் வந்தா ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம், காஞ்ச இலையை சேத்து கிளறி விடுங்க. ரெண்டு மூணு மாசத்துல மண்ணு வாசம் வரும். சமைச்ச சோறு, எண்ணெய், மீன் முள்ளு ஆரம்பத்துல வேணாம், எலி வரும்.

ஸ்டெப் 6: இப்போ சுத்தம் பண்ண வாங்க

தனியா ஆரம்பிக்காதீங்க. சென்னையில இஎஃப்ஐ (என்விரான்மென்டலிஸ்ட் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா), கோவையில சிறுதுளி மாதிரி அமைப்புங்க ஏற்கனவே நீர்நிலை வேலை பண்றாங்க, அவங்க கூட ஒரு ஞாயித்துக்கிழமை போனா எப்படி வேலை பிரிக்கிறாங்கன்னு கத்துக்கலாம். உங்க ஏரிக்கு நீங்களே ஏற்பாடு பண்றதா இருந்தா உள்ளாட்சியில அனுமதி வாங்குங்க, அதை விட முக்கியமா, சேர்ற மூட்டையை எடுத்துட்டு போக வண்டி வருமான்னு முன்னாடியே உறுதி பண்ணுங்க. வண்டி வராம மூட்டை கரையிலயே கிடந்து நாய் கிழிச்சு போட்டா வந்தவங்க மனசு விட்டுடுவாங்க, அடுத்த தடவை வரமாட்டாங்க. தடிமனான கிளவுஸ், மூடுன ஷூ கட்டாயம், பாட்டில் சில்லும் ஊசியும் இருக்கும். எதையும் கொளுத்தாதீங்க. என்ன என்ன குப்பை எவ்வளவு வந்துச்சுன்னு எழுதி வைங்க, 2019 ஜனவரி 1-லருந்து தடை பண்ண பிளாஸ்டிக் கப்பும் கேரி பேக்கும்தான் பாதி மூட்டையில இருந்தா உங்க தெரு கடைக்காரங்ககிட்ட பேச அந்த லிஸ்ட் உதவும்.

கரையோரம் இருக்குற கோரையையும் சம்பையும் புதர்னு நெனச்சு வெட்டாதீங்க, நீலத்தாழைக்கோழி கூடு கட்டுறது அதுக்குள்ளதான். ஆகாயத்தாமரையை எடுக்கலாம், தென் அமெரிக்காவுலருந்து வந்த செடி அது, ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், அது அவ்வளவு அடர்த்தியா மண்டுறதே சாக்கடையில வர்ற சத்தை சாப்பிட்டுத்தான். சூழல் வாகா அமைஞ்சா ரெண்டு வாரத்துலயே ரெண்டு மடங்கா ஆயிடும். சாக்கடையை நிறுத்தாம லட்சக்கணக்குல செலவு பண்ணி அள்ளுனா அடுத்த வருஷம் திரும்ப அள்ளணும்.

ஸ்டெப் 7: மரம் நடுறதுக்கு முன்னாடி யோசிங்க

ஏரிக்குள்ள மரம் நடாதீங்க, நடுவுல தீவு போடுறேன், சுத்தி டைல்ஸ் ஒட்டி வாக்கிங் பாதை போடுறேன்னு யாராவது சொன்னா தண்ணி நிக்கிற இடம் எவ்வளவு குறையுதுன்னு மொதல்ல கேளுங்க. தூர்வாருறதுலயும் கவனம் வேணும், மதகு மட்டத்துக்கு கீழ தோண்டுனா அந்த தண்ணி வயலுக்கு ஏறாது, எல்லா பக்கமும் கிண்ணம் மாதிரி தோண்டிட்டா ஆழம் கம்மியான ஓரமே இல்லாம போய் கொக்கும் உள்ளானும் நிக்க இடம் இருக்காது. கோடையில காஞ்ச ஏரியில ஜேசிபி இறக்குறதுக்கு முன்னாடி தரையை பாருங்க, ஆள்காட்டி குருவி வெறும் தரையில, கூழாங்கல்லு நிறத்துலயே முட்டை வச்சிருக்கும், ஒரு அடி பக்கத்துல நின்னாலும் சட்டுன்னு கண்ணுக்கு தெரியாது. தலைக்கு மேல ஒரு பறவை கத்திக்கிட்டே சுத்துனா அப்படியே நின்னு காலடியை பாருங்க.

கரைக்கு பனைதான் சரி. சல்லி வேரு மண்ணை பிடிச்சு நிக்கும், மதகை உடைக்காது. ஆகஸ்ட், செப்டம்பர்ல விழுற பழத்தோட கொட்டையை பொறுக்கி வச்சு, வடகிழக்கு பருவமழைக்கு முன்னாடி ஒரு அடி குழியில, பத்து அடிக்கு ஒண்ணா போடுங்க. மேல ஓலை தெரிய மாசக்கணக்காகும், மொதல்ல கீழதான் கிழங்கு இறங்கும், முளைக்கலன்னு தோண்டி பாத்துடாதீங்க.

ஸ்டெப் 8: மனு, கிராம சபை, ஆர்டிஐ

நீங்க எடுத்த போட்டோ, பறவை லிஸ்ட், சர்வே நம்பர் எல்லாம் இப்போ வேலைக்கு வரும். ஊராட்சியில இருந்தா ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைக்கு போங்க, மார்ச் 22 உலக தண்ணீர் தினம்கிறதால ஏரி பத்தி பேச ரொம்ப பொருத்தம். தீர்மானத்தை பதிவேட்டுல எழுத சொல்லி கேளுங்க, எழுதலன்னா பேசுனதுக்கு சாட்சி இல்ல. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் நடக்கும், மனு குடுத்தா ரசீது வாங்காம வராதீங்க. 1100-க்கு போன்லயும் புகார் சொல்லலாம், சென்னை மாநகராட்சின்னா 1913. ஒரு மனுவுல ஒரே ஒரு கோரிக்கை மட்டும் வைங்க, ஆக்கிரமிப்பு, சாக்கடை, குப்பை எல்லாத்தையும் ஒண்ணா எழுதுனா ஒவ்வொரு ஆபீஸும் இது எங்க வேலை இல்லன்னு தள்ளி விட்டுடும்.

பதில் வரலன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாள்ல பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பதிவுத் தபால்ல அனுப்புங்க, 30 நாள்ல பதில் தரணும், தரலன்னா அதுக்கு அப்புறம் 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு போடலாம். ஏன் செய்யலன்னு கேக்காதீங்க, அதுக்கு பதில் வராது. இந்த மாதிரி கேளுங்க: இந்த சர்வே நம்பர்ல இருக்குற ஏரியோட மொத்த பரப்பு எவ்வளவு, எல்லை அளந்து கல்லு நட்ட தேதி என்ன, கடந்த அஞ்சு வருஷத்துல இந்த ஏரிக்கு என்ன வேலைக்கு எவ்வளவு செலவாச்சு, அதோட வேலை உத்தரவு நகல் வேணும், என்னோட இந்த தேதி மனு மேல எடுத்த நடவடிக்கையோட கோப்பு நகல் வேணும்.