டம்மி டக்குக்குப் பிறகு வயிற்றில் நீர் கோத்தால்

டம்மி டக் (தொங்கும் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்களுக்கு வரும் சிக்கல்களில் அதிகம் பார்க்கப்படுவது நீர் கோத்துக்கொள்வதுதான். மருத்துவர்கள் இதை செரோமா என்பார்கள். பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டால் அந்த நீரில் கிருமி தொற்றலாம். அல்லது நீரைச் சுற்றி ஒரு பை உருவாகி, அதை வெட்டி எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

அறுவை சிகிச்சையில் தோலையும் கொழுப்பையும் சேர்த்து ஒரே அடுக்காகத் தசைக்கு மேலிருந்து பிரித்துத் தூக்குகிறார்கள். தொங்கும் பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கீழே இழுத்துத் தைக்கிறார்கள். மேல் அடுக்கும் தசையும் மறுபடி ஒட்டும்வரை இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். காயத்திலிருந்து கசியும் மஞ்சள் நீர் அங்கே சேரும். அதை எடுத்துப் போக வேண்டிய நிணநீர்க் குழாய்கள் பல அறுபட்டிருக்கும். போதாக்குறைக்கு, நீங்கள் குனியும்போதும் திரும்பும்போதும் மேல் அடுக்கு தசைமேல் வழுக்குகிறது. ஒட்டத் தொடங்கிய இடம் பிய்ந்து மீண்டும் கசிகிறது. டிரெயின் (சேரும் நீரை வெளியே எடுக்கும் குழாய்), வயிற்றைச் சுற்றிப் போடும் பெல்ட், ஓய்வு எல்லாமே அந்த இரண்டு அடுக்கையும் அசையாமல் ஒட்ட வைப்பதற்குத்தான்.

உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கும், நிறைய எடை குறைத்தபின் அறுவை செய்துகொண்டவர்களுக்கும், கூடவே கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனும் செய்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். சில சர்ஜன்கள் மேல் அடுக்கை உள்ளுக்குள்ளேயே தசையோடு பல இடங்களில் தைத்து இடைவெளியை அடைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தவர்களில் பலருக்கு டிரெயினே வைக்க மாட்டார்கள். டிரெயின் இல்லையே என்று பதற வேண்டாம். எந்த முறையில் தைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிரெயினைப் பராமரிப்பது

வயிற்றிலிருந்து வரும் மெல்லிய குழாயின் நுனியில் கையடக்கமான பல்ப் இருக்கும். அமுக்கி மூடினால் அது விரிய முயலும்போது உறிஞ்சும். முழுக்க விரிந்து உருண்டையாக நிற்கும் பல்ப் உறிஞ்சுவதில்லை. வீட்டில் நடக்கும் தவறுகளில் பல இதை மறப்பதால்தான். பாதி நிறைந்ததுமே காலி செய்யுங்கள். எப்படியும் ஒரு நாளில் இரண்டு முறையாவது.

1. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2. மூடியைத் திறந்து, அளவு குறித்த கப்பில் ஊற்றுங்கள். பல்பின் வாயில் விரலோ கப்போ படக்கூடாது.
3. மூடி திறந்திருக்கும்போதே பல்பை நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே மூடுங்கள். மூடிவிட்டு அமுக்கினால் பயனில்லை.
4. நேரம், மில்லி, நிறம் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு டிரெயின் இருந்தால் இடது, வலது என்று தனித்தனியாக. கூட்டி எழுதினால் எதை எடுக்கலாம் என்று சர்ஜனுக்குத் தெரியாது.

முதலில் சிவப்பாக வரும் நீர் சில நாளில் வெளிர் சிவப்பாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். அளவும் குறைந்துகொண்டே வரவேண்டும். நேற்று 80 மில்லி வந்து இன்று திடீரென 5 மில்லி என்றால் சந்தோஷப்படாதீர்கள்: குழாய் அடைத்திருக்கலாம். குழாயில் கரும்புள்ளியாகக் கட்டி நிற்பதும், குழாய் தோலில் நுழையும் இடத்தில் நீர் கசிந்து துணி நனைவதும் அடைப்பின் அடையாளம். அடைப்பு நகர, குழாயை வெளியே எடுக்காமல் விரலால் அழுத்தி உருவிவிடச் சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டும் செய்யுங்கள். ஒரு கையால் தோல் அருகே குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரு விரலால் அழுத்தியபடியே பல்ப் வரை இழுத்துக்கொண்டு வாருங்கள். மேலே பிடித்த கை நகரக்கூடாது. நகர்ந்தால் தையல் இழுபடும். அப்படியும் ஓடவில்லையென்றால் போன் செய்யுங்கள்.

பல்ப் எப்போதும் காயத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தொங்கவிடாமல் உடையோடு ஊக்கால் மாட்டுங்கள். கதவுக் கைப்பிடியில் குழாய் சிக்கி இழுபடுவது சாதாரணமாக நடக்கிறது. பொதுவாக 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் எடுப்பார்கள். சர்ஜனுக்கு சர்ஜன் கணக்கு சற்று மாறும். தொந்தரவாக இருக்கிறது என்று சீக்கிரம் எடுக்கச் சொல்லி நெருக்காதீர்கள். எடுத்தபின் அந்தத் துளை ஓரிரு நாள் கசிந்துவிட்டு மூடிக்கொள்ளும்.

வீக்கமா, நீரா?

டிரெயின் எடுத்த பிறகான நாட்களில்தான் செரோமா பெரும்பாலும் தலைகாட்டும். வீக்கமும் அப்போது இருக்கும் என்பதால் குழப்பம் வரும். வீக்கம் வயிறு முழுவதும் பரவி, சற்றுக் கெட்டியாக, காலையில் குறைந்து மாலையில் கூடும். நீர் பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே, தையலுக்கு மேலே ஓரிடத்தில் புடைத்து நிற்கும். எழுந்து நின்றால் கீழே இறங்கும். சிலருக்கு நடக்கும்போது குலுங்குவது தெரியும்.

மல்லாந்து படுத்து, ஒரு உள்ளங்கையைப் புடைப்பின் ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கத்தை விரல் நுனியால் லேசாகத் தட்டுங்கள். தண்ணீர் நிரம்பிய பலூனைத் தட்டியதுபோல அலை மறு கைக்கு வந்து சேர்ந்தால் நீர்தான். கொஞ்சமாக இருந்தால் கைக்குத் தெரியாது, ஸ்கேன்தான் காட்டும். மேல் தோல் மரத்துப்போயிருக்கும் என்பதால் வலி இல்லை, அதனால் நீர் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை. சிறிதாக இருந்தால் பெல்ட் போட்டுக்கொண்டு காத்திருந்தாலே சில வாரத்தில் உடல் உறிஞ்சிக்கொள்ளும். புடைப்பு பெரிதானாலோ தையலை இழுத்தாலோ, சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பார்கள். மரத்த தோல் என்பதால் பெரிதாக வலிக்காது. ஒரு முறை எடுத்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். சில நாள் இடைவெளியில் பல முறை எடுப்பது வழக்கமே. ஒவ்வொரு முறையும் அளவு குறைகிறதா என்பதுதான் முக்கியம். 100, 60, 25 என்று இறங்கினால் ஒட்டுகிறது என்று பொருள். இறங்காமல் அதே அளவு நிற்குமானால் மறுபடி டிரெயின் வைப்பார்கள், அல்லது அடுக்குகள் ஒட்டுவதற்கு உள்ளே மருந்து செலுத்துவார்கள். எடுத்த உடனே பெல்ட்டை மறுபடி போடுங்கள்.

நீங்களே ஊசி குத்தி எடுக்காதீர்கள். சுத்தமாக இருக்கும் நீரில் கிருமியைக் கொண்டுபோய் விடுவது அதுதான். வெந்நீர்ப் பை, சூடு பேட் வேண்டாம். மரத்த தோல் வெந்துபோவது உங்களுக்கே தெரியாது. சர்ஜன் சொல்லாமல் மசாஜும் வேண்டாம். உப்பைக் குறைத்தால் வீக்கம் கொஞ்சம் இறங்கலாம், கோத்த நீர் இறங்காது. நீர் மாத்திரையும் அப்படித்தான். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது வெறும் மூடநம்பிக்கை.

பெல்ட்டும் அசைவும்

பெல்ட்டை பலர் சுமார் 6 வாரம் போடச் சொல்வார்கள். இறுக்கமாகப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று கிடையாது. ஒரு விரல் நுழைய வேண்டும், மூச்சு முட்டக்கூடாது. சுருண்டு மடிந்த ஓரம் தோலில் அழுந்திப் பள்ளம் போட்டு ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். உட்கார்ந்து எழும்போதெல்லாம் இழுத்துவிடுங்கள்.

அசையக்கூடாது என்று சொன்னது படுத்தே கிடக்க அல்ல. முதல் நாளிலிருந்தே சற்று முன்குனிந்தபடி வீட்டுக்குள் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் காலில் ரத்தம் உறையலாம். தவிர்க்க வேண்டியது வயிற்றை முறுக்குவது, எட்டி எடுப்பது, குழந்தையைத் தூக்குவது, கனமான எதையும் தூக்குவது. தலையும் முழங்காலும் உயர்த்திப் படுங்கள். எழும்போது பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். புகை கூடவே கூடாது.

எப்போது ஓட வேண்டும்

முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, இறுகி, வலி கூடினாலோ டிரெயினில் புது ரத்தம் வந்தாலோ அது செரோமா அல்ல, உள்ளே ரத்தக்கசிவாக இருக்கலாம். உடனே பார்க்க வேண்டும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, கலங்கிய அல்லது நாற்றமடிக்கும் நீர் தொற்றைக் காட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இருந்தால் சர்ஜனைத் தேடாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

தையல் வழியாக நீர் தானாகவே பீறிட்டு வந்தால் பார்க்கப் பயமாக இருக்கும். சுத்தமான காஸ் துணியை வைத்து மூடி, நிறத்தைக் குறித்துக்கொண்டு, அன்றே சர்ஜனுக்குச் சொல்லுங்கள். மாதங்கள் கழிந்தும் ஒரே இடத்தில் கெட்டியான மேடு கரையாமல் நின்றால் அது பையாகிப்போன பழைய செரோமாவாக இருக்கலாம். அதற்கு ஊசி பயன்படாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பையையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.