டெவலப்பரிடம் நேராகப் போய் வேலை சொல்லும் ஸ்டேக்ஹோல்டர்: பிராஜெக்ட் மேனேஜர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கோப்பை, அதாவது பிராஜெக்டில் என்னென்ன வேலை அடங்கும் என்பதை, பேசி முடித்து, கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பீர்கள். வேலை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது சேல்ஸ் தலைவரோ கிளையன்ட் பக்கத்து ஆளோ உங்கள் டெவலப்பருக்குச் சாட்டில் ஒரு வரி தட்டிவிடுவார்: "சின்ன வேலைதான், இதையும் சேர்த்துவிடுங்க." உங்களுக்கு விஷயம் டெமோ அன்றுதான் தெரியவரும். கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் நாம் செய்கிற காரியங்கள் பெரும்பாலும் நிலைமையை இன்னும் கெடுத்துவிடுகின்றன.

முதல் தவறு, டெவலப்பரைப் பிடித்துத் திட்டுவது. தன்னைவிடப் பதவியில் பல படி மேலே இருப்பவர் கேட்கும்போது அவர் எப்படி முடியாது என்பார்? திட்டினால் அடுத்த முறையும் அவர் செய்யத்தான் போகிறார், உங்களிடம் சொல்லாமல் செய்வார், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, சொல்வதற்கு ஒரு பதிலை அவர் கையில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்: "சரி சார், எங்கள் பிராஜெக்ட் மேனேஜரிடம் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கே உங்களைக் கூப்பிடுவார்." சொன்னபடி அன்றைக்கே நீங்கள் கூப்பிடவும் வேண்டும். ஒரு முறை கூப்பிடாமல் விட்டீர்கள் என்றால் அந்தப் பதிலுக்கு அப்புறம் மதிப்பில்லை.

அடுத்தது, "சின்னதுதானே, இந்த ஒரு தடவை போகட்டும்" என்று விடுவது. வாடிக்கையாளர் படிவத்தில் 'பிறந்த தேதி' என்று ஒரே ஒரு கட்டம் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் அது அரை மணி நேர வேலை. ஆனால் ஏற்கெனவே பதிவு செய்தவர்களிடம் அந்தத் தகவல் இல்லையே, அவர்களுக்கு என்ன காட்டுவது? கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று வைத்தால், முகவரி மாற்ற வந்த பழைய வாடிக்கையாளர் பிறந்த தேதி கொடுக்காமல் சேவ் பண்ணவே முடியாது. மொபைல் ஆப்பிலும் மாற்ற வேண்டும், டெஸ்ட் கேஸ் புதிதாக எழுத வேண்டும், மாதாமாதம் வேறொரு டீமுக்குப் போகிற எக்ஸ்போர்ட் ஃபைலில் நடுவே ஒரு நெடுவரிசை கூடினால் அவர்கள் புரோகிராம் படுத்துவிடலாம். போதாததற்கு இது தனிப்பட்ட தகவல், எங்கே வைப்பது, யார் பார்க்கலாம் என்ற கேள்வி வேறு. கேட்டவருக்கு இதில் எதுவும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதை எடுத்துச் சொல்லத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

எல்லோரையும் சிசியில் போட்டு, "நடைமுறையைப் பின்பற்றவும்" என்று மெயில் அனுப்புவதும் வேண்டாம். பத்துப் பேர் முன்னால் அவமானப்பட்டவர் அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு எதிராகத்தான் பேசுவார். தனியாகப் போய்ப் பேசுங்கள். பேசும்போது வெறுமனே முடியாது என்று சொல்லாமல் விலையைச் சொல்லுங்கள்: "செய்யலாம் சார், இத்தனை நாள் ஆகும், இதைச் சேர்த்தால் ரிப்போர்ட் மாட்யூல் அடுத்த ரிலீஸுக்குத் தள்ளிப்போகும். எது முக்கியம்?" இப்படிக் கேட்டதும் பாதிப் பேர், "அப்படியா, அப்போ அடுத்த ரிலீஸில் பார்த்துக்கலாம்" என்று தாங்களாகவே விட்டுவிடுவார்கள்.

சரி, அவர்கள் ஏன் உங்களைத் தாண்டிப் போகிறார்கள் என்று யோசித்ததுண்டா? சிலருக்கு அது அதிகாரப் பழக்கம். ஆனால் பெரும்பாலும் காரணம் நம் பக்கம்தான் இருக்கும். ஒரு பட்டன் பெயரை மாற்றக் கூட நாலு பக்கப் படிவம், வாரம் ஒருமுறை கூடும் கமிட்டி, அதற்குப் பிறகும் பதில் இல்லை என்றால் யார்தான் அந்த வழியில் வருவார்கள்? வழியைச் சுலபமாக்காமல் விதியை மட்டும் இறுக்குவதுதான் இதில் பெரிய தவறு என்பேன். பிரின்ஸ்2 என்ற பிராஜெக்ட் மேலாண்மை முறையில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு: மாற்றங்களுக்காகத் தனியாக ஒரு தொகை ஒதுக்கி, அந்த வரம்புக்குள் முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பிராஜெக்ட் போர்டு (பிராஜெக்டின் மேல்மட்ட முடிவுக் குழு) ஒருவரிடமோ ஒரு சிறு குழுவிடமோ ஒப்படைக்கலாம். சின்ன மாற்றங்கள் அங்கேயே முடிந்துவிடும், பெரியது மட்டும் மேலே போகும். வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் ஸ்க்ரம் முறை டீம் என்றால் இன்னும் நேரடி. பிராடக்ட் பேக்லாகை (செய்ய வேண்டிய வேலைகளின் வரிசைப் பட்டியலை) மாற்ற விரும்புகிறவர், அதற்குப் பொறுப்பான பிராடக்ட் ஓனரைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அந்த பிராடக்ட் ஓனர் ஒரே ஆள், கமிட்டி அல்ல என்று 2020 ஸ்க்ரம் கைடே சொல்கிறது.

இதற்காக டீமிடம் யாரும் பேசவே கூடாது என்று தடை போட்டுவிடாதீர்கள். சந்தேகம் கேட்க, விளக்கம் சொல்ல நேரடிப் பேச்சு கட்டாயம் வேண்டும். "இது எப்படி இருக்க வேண்டும்" என்பதை டெவலப்பருடன் பேசலாம், "இது வேண்டும், அது வேண்டாம்" என்பது உங்களிடம் வர வேண்டும்.

பிராஜெக்டுக்குப் பணமும் ஆதரவும் தரும் மேலதிகாரியான ஸ்பான்சரிடம் எடுத்த எடுப்பிலேயே புகார் கொண்டு போகாதீர்கள், அதே சமயம் கடைசி வரை போகாமலும் இருந்துவிடாதீர்கள். தனியாகப் பேசியும் மறுபடி நடந்தால், ஆள்மீது குறை சொல்லாமல், எந்த மாற்றம் எத்தனை நாளைத் தின்றது என்ற பட்டியலோடு போங்கள். ஸ்பான்சர் வாய்மொழியாகச் சரி என்றால் அன்றே இரண்டு வரி மெயிலில் எழுதி உறுதி வாங்கிவிடுங்கள்.

பாதி முடிந்துவிட்ட மாற்றத்தை என்ன செய்வது? கோபத்தில் பிடுங்கி எறிய வேண்டாம், ஓசைப்படாமல் ரிலீஸில் சேர்க்கவும் வேண்டாம். தனி பிராஞ்சில் (முக்கியக் கோடோடு சேராத தனிக் கிளையில்) நிறுத்திவிட்டு, செலவான நேரத்தையும் மீதி வேலையையும் எழுதி, மற்ற எந்தச் சேஞ்ச் ரிக்வெஸ்ட்டையும் போல அதையும் ஒப்புதலுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் வந்தால் பிளானில் தேதியை மாற்றிவிட்டுச் சேர்த்துவிடுங்கள், வராவிட்டால் அது அந்த பிராஞ்சிலேயே இருக்கட்டும்.